வழியிடைச் சாவடிகள்: இங்கிலாந்தில் நான்கு நாள் கார்ப் பயணம்

ஆங்கிலக் கவிதையின் தந்தை எனப் போற்றப்பெறும் சாசர், 'கேன்டர்பரிக் கதைகள்' என்னும் தம் பெருநூலை ஏறத்தாழ 1387-ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கினார். அந்நூலின் கதை ஒரு விடுதியில் தொடங்குகிறது. லண்டன் மாநகரில், தேம்ஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள சதக் பகுதியில் 'டாபர்டு' என்றொரு விடுதி இருந்தது. 1170-இல் கேன்டர்பரிப் பேராலயத்தினுள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்ட பேராயர் புனித தாமஸ் பெக்கட்டின் கல்லறைக்குச் செல்லும் திருயாத்திரிகர்கள் அங்கே ஒன்றுகூடுகின்றனர். அவர்களுள் குருவானவர் உண்டு, கன்னியர் உண்டு, போர்வீரர் உண்டு, உழவர் உண்டு. இத்தனை பேருக்கும் பயணத் திட்டம் வகுத்துக் கொடுப்பவர் யார் தெரியுமா? அவ்விடுதிக்காரரே! ஒவ்வொருவரும் போகும்போது இரண்டு கதைகளும், திரும்பும்போது இரண்டு கதைகளும் சொல்லவேண்டும். சிறந்த கதை சொன்னவருக்கு, திரும்பி வந்தபின் அதே விடுதியில் மற்றவர்கள் செலவில் விருந்து. இதுவே அவர் வகுத்த திட்டம்.

டாபர்டு விடுதி 1873-இல் இடிக்கப்பட்டது. ஆயினும் அதனருகே இருந்த 'ஜார்ஜ்' விடுதி, 1676-ஆம் ஆண்டுத் தீக்கு இரையாகி மறு ஆண்டே மீண்டும் எழுப்பப்பட்டு, மர மாடங்களோடு இன்றும் நிற்கின்றது. நேஷனல் டிரஸ்ட் என்னும் அறக்கட்டளை அதனைப் பாதுகாத்து வருகிறது.

இச்செய்தியை ஈண்டுக் கூறுவதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் செவிலியராகவும், பொறியாளராகவும், மாணவராகவும் இங்கிலாந்து சென்றிருக்கின்றனர். பெற்றோர் அவர்களைக் காணச் செல்லும்போது, நான்கு நாள் விடுப்பு எடுத்து, வாடகைக் காரில் நாட்டைச் சுற்றிக் காட்டப் பிள்ளைகள் விரும்புவது இயல்பே. அப்போது இரண்டு இடர்ப்பாடுகள் எழுகின்றன. ஒன்று, நான்கு நாளில் நாற்பது இடங்களைக் காணவேண்டும் என்னும் பேராசை. மற்றொன்று, நண்பகலில் பிள்ளைகள் காரை ஒரு 'பப்'பின் முன் நிறுத்தும்போது, "சாராயக் கடைக்குள் நானா?" என்று தாயார் இறங்க மறுத்துவிடுவது. இவ்விரண்டு இடர்ப்பாடுகளுக்கும் விடை ஒன்றே என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பப் என்பது யாது?

'பப்ளிக் ஹவுஸ்' என்பதன் சுருக்கமே பப். பொதுமக்களின் இல்லம் என்பது அதன் பொருள். அங்கே பீர் விற்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் ஊரார் கூடிப் பேசுவதும், குடும்பத்தோடு உணவு உண்பதும், முதியோர் கணப்படுப்பின் அருகே நாளிதழ் படிப்பதும் அங்கேதான். பெற்றோருடன் வரும் சிறுவர்களுக்குப் பெரும்பாலான பப்களில் இடமுண்டு. தேநீரும் காப்பியும் பழச்சாறும் கேட்பவரை எவரும் ஏளனமாக நோக்குவதில்லை. 2007-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளிலிருந்து உள்ளே புகைபிடித்தல் சட்டத்தால் தடுக்கப்பட்டுள்ளது.

இவ்வில்லங்களின் வேர் எங்கே இருக்கிறது? பெரும்பகுதி துறவற மடங்களில்! வரும் விருந்தினர் எவராயினும் அவரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கவேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் சபை ஒழுங்கின் 53-ஆம் அதிகாரத்தில் விதித்தார். ஆதலின் இங்கிலாந்தின் மடங்கள் வழிப்போக்கர்க்குக் கதவு திறந்து, அப்பமும் தாங்களே வடித்த பீரும் அளித்தன. எட்டாம் ஹென்றி மன்னன் 1536 முதல் 1540 வரை அம்மடங்களையெல்லாம் மூடியபோது, வழிப்போக்கர்க்கு எஞ்சிய புகலிடம் விடுதிகளே. 1784-இல் அஞ்சல் கோச்சு வண்டிகள் ஓடத் தொடங்கின. ஏறத்தாழப் பத்து மைலுக்கு ஒருமுறை குதிரைகளை மாற்ற வேண்டியிருந்தமையால், அதற்கேற்ப நெடுஞ்சாலைகளில் விடுதிகள் பெருகின. வண்டி உள்ளே நுழையுமளவு உயர்ந்த வளைவு வாயிலும் நடு முற்றமும் உள்ள விடுதியைக் கண்டால், அது அக்காலத்தது என அறியலாம்.

பெயர்ப்பலகைகளையும் கவனியுங்கள். பீர் விற்போர் தம் வாயிலில் அடையாளப் பலகை வைக்கவேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னன் 1393-இல் கட்டளையிட்டான். எழுத்தறியாதார்க்குப் படமே பெயராயிற்று. குறுக்காக வைத்த இரு திறவுகோல்கள் புனித இராயப்பரைக் குறிப்பன. ஆட்டுக்குட்டியும் கொடியும் உயிர்த்த கிறிஸ்துவின் சின்னம். 'சல்யூட்டேஷன்' என்பது கபிரியேல் தூதர் கன்னிமரிக்கு உரைத்த மங்கள வார்த்தை. 'காத்தரீன் சக்கரம்' புனித காத்தரீனாளின் வேதசாட்சியத்தின் அடையாளம். மடங்கள் இடிந்தன, மறைக்கல்வியின் சில ஏடுகள் பப்களின் பலகைகளில் தங்கிவிட்டன!

மூன்று விதிகள்

திட்டமிடுவோர் மூன்று விதிகளை மனத்திற் கொள்வாராக.

முதலாவது, ஒரு நாளுக்கு ஒரு பெரிய காட்சி, ஒரு சிறிய காட்சி, அவ்வளவே. வரைபடத்தில் இங்கிலாந்து சிறிய நாடுதான். விரைவுச் சாலைகளில் மணிக்கு 70 மைல் வரை செல்லலாம். ஆனால் காணத்தக்க ஊர்களெல்லாம் இருமருங்கும் புதர்வேலி சூழ்ந்த ஒடுங்கிய பாதைகளில் இருக்கின்றன. அங்கே ஒரு மணி நேரத்தில் 25 மைல் கடப்பதும் அரிது. நம் நாட்டைப்போலவே இடப்புறம் ஓட்டுவது ஒரு வசதி. ரவுண்டானாவில் வலப்புறமிருந்து வருபவர்க்கே முதல் வழி என்பதை மட்டும் மறத்தலாகாது. டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருள் கவியும். ஜூனிலோ இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். பயண மாதம் எதுவென்பதே பயணத்தின் அளவைத் தீர்மானிக்கும்.

இரண்டாவது, நண்பகல் உணவு எங்கே என்பதை முதலில் குறித்துக்கொண்டு, காட்சிகளை அதன் இருபுறமும் வையுங்கள். பல பப்களில் அடுப்பு பகல் 12 மணிக்கு மூட்டப்பட்டு, 2 அல்லது 2.30-க்கு அணைக்கப்படும், மாலை 6 மணிக்குமேல்தான் மீண்டும் உணவு. மூன்று மணிக்குப் பசியோடு போய் நிற்பவருக்கு உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலமே கிடைக்கும்! சில கிராமத்துப் பப்கள் திங்கட்கிழமைகளில் திறப்பதே இல்லை. ஆதலின் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டு இடம் ஒதுக்கிக்கொள்வது அறிவுடைமை. பெரும்பாலும் உணவைக் கேட்பதும் பணம் செலுத்துவதும் முன்மேடையில்தான்; பரிமாறுபவர் வருவார் என்று மேசையில் காத்திருந்தால் மாலைவரை காத்திருக்க நேரிடும்.

மூன்றாவது விதியே தலையாயது. வண்டி ஓட்டுபவர் ஒரு துளியும் அருந்தலாகாது. இரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு 80 மில்லிகிராம் என்னும் எல்லையை 1967-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. ஸ்காட்லாந்து 2014-இல் அதனை 50 ஆகக் குறைத்தது. எல்லை மீறுவோர் ஓராண்டேனும் ஓட்டும் உரிமையை இழப்பர். ஆனால் சட்டத்தின் எல்லை வேறு, மனச்சான்றின் எல்லை வேறு. எல்லைக்குட்பட்டுக் குடித்தவரின் கையும் தடுமாறும். பின்னிருக்கையில் குழந்தைகள் உறங்குகின்றனர். "இன்று யார் ஓட்டுவது?" என்று காலையிலேயே தீர்த்துக்கொள்ளும் குடும்பத்தில் நண்பகலில் வாக்குவாதம் எழாது. இன்னுமொரு எச்சரிக்கை: 'சைடர்' என்பது ஆப்பிள் சாறுதானே என்றெண்ணிப் பலர் ஏமாறுவதுண்டு. இங்கிலாந்தில் அது புளிக்கவைத்த மது. பல வேளைகளில் பீரைவிடக் கடுமையானது.

முதல் நாள்: வின்செஸ்டர்

வியாழனன்று புறப்படுவதாகக் கொள்வோம். லண்டன் மாநகருக்குள் கார் ஓட்டுவது வீண் தொல்லை. நடு நகரினுள் நுழைய 2003 முதல் கட்டணமும் உண்டு. ஆகவே புறநகரில் வண்டியை எடுத்துக்கொண்டு தென்மேற்கே செல்லுங்கள். ஏறத்தாழ 65 மைலில் வின்செஸ்டர்.

பேராலயத்தின் நீண்ட நடுக்கூடம் கண்ணைக் கவரும். ஆனால் அதன் அடித்தளத்தின் கதை அதனினும் பெரிது. சதுப்பு நிலத்தில் எழுந்த அப்பேராலயம் அமிழத் தொடங்கியபோது, வில்லியம் வாக்கர் என்னும் நீர்மூழ்குநர் 1906 முதல் 1911 வரை, கண் தெரியாத கலங்கல் நீரில் நாள்தோறும் இறங்கி, சிமெண்டு மூட்டைகளைக் கையால் அடுக்கி, அதனைத் தாங்கி நிறுத்தினார்.

அங்கிருந்து ஆற்றோரப் பசும்புல்வெளி வழியே ஒரு மைல் நடந்தால் புனித சிலுவை இல்லம். ஆயர் ஹென்றி 1130-களில் ஏழைகளுக்கென நிறுவிய அறச்சாலை இது. கறுப்பு அல்லது செந்நிற அங்கி அணிந்த முதியோர் இன்றும் அங்கே வாழ்கின்றனர். வாயில் காப்போனிடம் 'வழிப்போக்கர் பங்கு' என்று கேளுங்கள். சிறு அப்பத் துண்டும், கொம்புக் குவளையில் சிறிதளவு பீரும் தருவார். ஓட்டுபவர் அப்பத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்! யார், எந்த மதம், எந்த நாடு என்ற கேள்வி இல்லை. கேட்டவர்க்கெல்லாம் கொடுப்பதே வழக்கம். 'விருந்தோம்பல்' என்று ஓர் அதிகாரமே படைத்த வள்ளுவரின் மக்களுக்கு இதன் பொருளை விளக்கவேண்டுவதில்லை. பப் என்பதன் மூலவித்து யாதென்பதை இந்த ஒரு குவளை உணர்த்திவிடும். நண்பகல் உணவை வின்செஸ்டரிலேயே முடித்து, மேற்கே 25 மைல் சென்றால் சால்ஸ்பரி. 1220-இல் தொடங்கிய அப்பேராலயத்தின் கோபுரம் 123 மீட்டர். பிரிட்டனில் இதைவிட உயர்ந்த ஆலயக் கோபுரம் இல்லை. மாலை 5.30 அளவில் பாடகர் குழு இசைக்கும் மாலைச் செபத்தில் அமர்ந்து அந்நாளை முடியுங்கள், அதற்குக் கட்டணமில்லை.

ஒன்றை நினைவிற் கொள்க. நம் முன்னோர் கட்டிய இப்பழம் பேராலயங்கள் பதினாறாம் நூற்றாண்டு முதல் ஆங்கிலிக்கன் சபையாரின் கையில் உள்ளன. அன்போடு வரவேற்பர், ஆனால் நம் திருப்பலிக்கு அந்தந்த ஊரின் கத்தோலிக்க ஆலயத்தைத் தேடவேண்டும்.

இரண்டாம் நாள்: கிளாஸ்டன்பரி

சால்ஸ்பரிக்கு வடக்கே பத்து மைலுக்குள் ஸ்டோன்ஹென்ஜ் பெருங்கற்கள். ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்குமுன் நிறுத்தப்பட்டவை. அவற்றுள் 'பலிபீடக் கல்' எனப்படுவது, 700 கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள வடகிழக்கு ஸ்காட்லாந்திலிருந்து வந்ததென 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. நுழைவுச் சீட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்துகொண்டு, காலை முதல் வேளையிலேயே பார்த்துவிடுவது நலம்.

பின்னர் மேற்கே 45 மைல் சென்றால் கிளாஸ்டன்பரி. இங்கிலாந்தின் செல்வ மடங்களுள் ஒன்றாயிருந்த பெருமடம் இன்று இடிந்த சுவர்களாய்ப் புல்வெளியில் நிற்கிறது. அதன் கடைசித் தலைவர் ரிச்சர்டு வைட்டிங், முதுமையிலும் இரக்கம் காட்டப்பெறாமல், 1539 நவம்பர் 15-இல் ஊரையொட்டிய குன்றின் உச்சியில் தூக்கிலிடப்பட்டார். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1895-இல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

மடம் இடிந்தது, ஆனால் திருயாத்திரிகர் தங்குவதற்கென அதன் தலைவர் ஜான் செல்வுட் பதினைந்தாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டிய கல் விடுதி ஊரின் பெருந்தெருவில் இன்றும் சிதையாமல் நிற்கின்றது. 'ஜார்ஜும் யாத்திரிகரும்' என்பது அதன் பெயர். வழிபாட்டிடம் பாழாய்க் கிடக்க, வழிப்போக்கர் விடுதி நிலைத்திருப்பதைக் காணும்போது நெஞ்சம் கனக்கிறது; கூடவே ஓர் ஆறுதலும் பிறக்கிறது. மடத்திற்கு எதிரே நம் மரியன்னை ஆலயம் உள்ளது. அங்கே சென்று செபிக்க மறவாதீர்கள். இரவுக்கு ஆறு மைல் தொலைவிலுள்ள வெல்ஸ்.

மூன்றாம் நாள்: வெல்ஸ், பாத்

வெல்ஸ் பேராலயத்தின் கோபுரம் பாரத்தால் சாயத் தொடங்கியபோது, 1338-க்கும் 1348-க்கும் இடையே, தலைகீழாக ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்தாற்போன்ற கத்தரி வளைவுகளை எழுப்பி அதனைத் தாங்கினர். அருகிலுள்ள ஆயர் இல்லத்து அகழியில் அன்னங்கள் மணிக்கயிற்றை இழுத்து உணவு கேட்பதைப் பிள்ளைகள் விரும்பிக் காண்பர்.

பாத் நகருக்கு நேர்வழியில் போகாமல், சற்றே சுற்றி நார்ட்டன் செயிண்ட் பிலிப் என்னும் சிற்றூரில் நண்பகலுக்கு நிறுத்துங்கள். அங்குள்ள 'ஜார்ஜ்' விடுதி, ஹின்டன் மடத்துக் கர்த்தூசியத் துறவியருக்குரியதாயிருந்தது. பேச்சையே துறந்த துறவியர், கம்பளிச் சந்தைக்கு வரும் வணிகர்கள் பேசிக் களிக்க விடுதி நடத்தினர் என்பது வியப்பன்றோ! நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பெப்பீஸ் 1668-இல் இவ்வூரில் உணவு உண்டார். 1685-இல் மன்னனுக்கெதிராகக் கிளர்ந்த மான்மவுத் கோமகன் இவ்விடுதியில் தங்கிப் படை நடத்தினார். இத்தகைய இடத்தில் ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருங்கள். உழவர் உணவு எனப்படும் அப்பமும் பாலாடைக்கட்டியும் ஊறுகாயும் எளியது; நம் முதியோரின் வயிற்றுக்கும் ஒத்துவரும்.

பிற்பகல் பாத். 46 பாகை வெப்பத்தோடு நாள்தோறும் 11,70,000 லிட்டர் நீர் அங்கே பூமியினின்று பொங்குகிறது. அதன்மேல் உரோமையர் கட்டிய குளம் இன்றும் ஆவி எழ நிற்கிறது. எதிரே ஆலய முகப்பில், தேவதூதர்கள் ஏணியில் ஏறியிறங்கும் கற்சிற்பங்களைக் காணலாம்.

நான்காம் நாள்: ஆக்ஸ்போர்டு

ஞாயிறு. பாத் நகரின் புனித யோவான் ஆலயத்தில் காலைத் திருப்பலி கண்டு, வடகிழக்கே காட்ஸ்வோல்ட்ஸ் குன்றுகளினூடே செல்லுங்கள். தேன்நிறக் கல் வீடுகளையும், கம்பளிச் செல்வத்தால் எழுந்த பெரிய ஆலயங்களையும் கொண்ட சிற்றூர்கள் அவை. வழியில் ஒரு பப்பில் ஞாயிறு வறுவல் உணவு: மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, காய்கறி, யார்க்ஷயர் புட்டிங். பாட்டன் முதல் பேரன் வரை ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் ஆங்கிலக் குடும்பங்களை அங்கே காண்பீர்கள். இடம் முன்பதிவு செய்யாமல் போகவேண்டாம்.

ஆக்ஸ்போர்டில் வண்டியைப் புறநகர் நிறுத்துமிடத்தில் விட்டுப் பேருந்தில் நகருக்குள் செல்லுங்கள். செயிண்ட் ஜைல்ஸ் வீதியில் 'ஆட்டுக்குட்டியும் கொடியும்' என்னும் பப் உள்ளது. 2021-இல் மூடப்பட்ட அதனை, இழக்க மனமில்லாத ஊரார் சிலர் ஒன்றுகூடி 2022-இல் மீண்டும் திறந்தனர். எதிரே உள்ள 'கழுகும் குழந்தையும்' என்னும் பப்பில்தான், கத்தோலிக்கரான டோல்கீனும் அவர் நண்பர் சி. எஸ். லூயிசும் ஆண்டுக்கணக்கில் வாரந்தோறும் கூடி உரையாடினர். அது 2020-இல் மூடப்பட்டது. சிற்றூர்களிலும் இவ்வாறு பல பப்கள் மறைந்து வருகின்றன. ஒரு பப் மூடப்படும்போது, தனித்து வாழும் முதியவர் ஒருவர் பேச்சுத்துணை பெறும் இடமும் மூடப்படுகிறது.

நிற்க. பப்பைப் புகழ்வது குடியைப் புகழ்வதாகாது. குடியால் அழிந்த குடும்பங்கள் அந்நாட்டிலும் உண்டு. அதனாலன்றோ அயர்லாந்தின் கப்புச்சின் துறவி மேத்யூ அடிகள் 1843-இல் இங்கிலாந்து சென்று, ஆயிரக்கணக்கானோரை மதுவிலக்கு உறுதி எடுக்கச் செய்தார்! கர்தினால் மேனிங் 1870-களில் 'சிலுவைச் சங்கம்' நிறுவி, லண்டன் ஏழைத் தொழிலாளரைக் குடியினின்று மீட்க உழைத்தார். நம் இல்லங்களில் குடிநோயினின்று மீண்டவர் எவரேனும் பயணத்தில் உடன் வந்தால், அவர் பொருட்டு அனைவரும் பப்பைத் தவிர்த்துத் தேநீர்க் கடைக்குச் செல்வதே அன்பு. எந்தத் திட்டமும் உடன் வருவோரின் நலனைவிடப் பெரிதன்று.

இறுதியாக, ஆக்ஸ்போர்டில் ஓர் இடம். மகதலா மரியாள் ஆலயத்திற்கு எதிரே, இன்று பேலியல் கல்லூரி நிற்கும் பகுதியில், முன்னாளில் 'காத்தரீன் சக்கரம்' என்னும் விடுதி இருந்தது. கத்தோலிக்கக் குருக்களுக்கு இடங்கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலம் அது. விடுதியை நடத்திய விதவைத்தாய் அவர்களுக்குக் கதவு திறந்தார். 1589-இல் நள்ளிரவில் காவலர் புகுந்து ஜார்ஜ் நிக்கல்ஸ், ரிச்சர்டு யாக்ஸ்லி என்னும் இரு குருக்களையும், தாமஸ் பெல்சன் என்னும் செல்வந்தரையும், ஹம்ப்ரி பிரிச்சர்டு என்னும் விடுதிப் பணியாளரையும் பிடித்தனர். ஜூலை 5-ஆம் நாள் நால்வரும் கொல்லப்பட்டனர். அத்தாய்க்கு ஆயுள் சிறை. பிரிச்சர்டு கல்லாதவர், கத்தோலிக்கன் என்பதன் பொருள் உனக்குத் தெரியுமா என்று கேட்டு எள்ளினர். வாயால் சொல்ல இயலாததைக் குருதியால் சொல்ல ஆயத்தம் என்று அவர் விடையிறுத்ததாக வேதசாட்சிகளின் வரலாறு கூறும். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1987-இல் அந்நால்வருக்கும் முத்திப்பேறு பட்டம் அளித்தார்.

மேசை துடைத்துக் குவளை கழுவிய ஓர் ஊழியர், வந்த விருந்தினரைக் காட்டிக்கொடுக்காமல் அவர்களோடு உயிர் கொடுத்தார். நல்ல சமாரியன் காயமுற்றவனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் ஒரு சாவடியில்தான். எம்மாவுக்கு நடந்த சீடர் இருவர் ஆண்டவரை அறிந்துகொண்டதும் வழிநடையில் அன்று. மாலையில் ஒரு மேசையருகே அமர்ந்தபோதே.

ஆகவே, பயணம் போகும் குடும்பத்தாரே, பட்டியலைச் சுருக்குங்கள். மேசையருகே அமரும் நேரத்தைப் பெருக்குங்கள். தாயார் தயங்கினால், அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்று, கணப்படுப்பின் அருகே அமர்த்தி, ஒரு கோப்பைத் தேநீர் வாங்கிக் கொடுங்கள். உங்கள் பயணம் இனிதே அமைவதாக!